மாறாத விலையும் கரையும் எடையும்

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு-சேவை வரி (ஜிஎஸ்டி) விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது பிஸ்கட், ஷாம்பூ, பற்பசை, குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்றவற்றின் மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கணக்குப்படி பார்த்தால், ஐந்து ரூபாய்க்கு விற்ற பிஸ்கட் பொட்டலம் நான்கு ரூபாய் நாற்பத்தைந்து காசுக்குக் கிடைத்திருக்க வேண்டும். சிக்கல் அங்குதான் தொடங்கியது. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் மாத இறுதியோடு புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஐம்பது காசு சட்டப்படி செல்லும். ஆனால், கடைக்காரர்கள் அதைக் கையில் வாங்குவதில்லை. மீதி 55 காசை எந்த நாணயத்தில் திருப்பித் தருவது?

விலையைக் குறைப்பதைவிட எடையைக் கூட்டித் தருவதே நடைமுறைக்கு உகந்தது என்று நிறுவனங்கள் பலவும் கூறின. ஐந்து, பத்து, இருபது ரூபாய் என்ற முழுத்தொகை விலைகளுக்கு வாங்குவோர் பழகிவிட்டனர் என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அரசே வரியைக் குறைத்தும் அசைத்துவிட முடியாத உறுதி அந்த ஐந்து ரூபாய்க்கு எங்கிருந்து வந்தது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

சந்தைப்படுத்தல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை விளம்பரங்கள்தான். எந்த நடிகர் எதை விற்கிறார், எந்த விளம்பரம் பொய் சொல்கிறது என்றே விவாதிக்கிறோம். பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரம் என்று சந்தைப்படுத்தலின் கூறுகளை நான்காகப் பிரித்து 1960-இல் தம் நூலில் எழுதினார் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி. வணிகவியல் மாணவர்கள் இன்றும் அதையே படிக்கின்றனர். அந்த நான்கில் விளம்பரம் மட்டுமே உரக்கப் பேசுகிறது. மற்ற மூன்றும் ஓசையின்றி வேலை செய்கின்றன. அவற்றிலும் விலையும் பொட்டலத்தின் அளவும் சேர்ந்து செய்யும் வேலை, நாம் எதை வாங்குகிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

கையிலுள்ள காசுக்கு ஏற்ற அளவில் வாங்குவது நமக்குப் புதிதன்று. எட்டணாவுக்குக் கடலை, நாலணாவுக்கு நல்லெண்ணெய் என்று வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் மாதத்துக்கு மொத்தமாக மளிகை வாங்குவதில்லை; அன்றைய கூலியில் அன்றைக்கு வேண்டியதை வாங்கும். அந்த வணிகத்தில் தராசு கண்ணெதிரே இருந்தது. கடைக்காரர் எண்ணெயை அளந்து ஊற்றுவதை வாங்குபவர் பார்த்துக்கொண்டிருப்பார். "போன வாரம் இதைவிட அதிகம் ஊற்றினீர்களே" என்று கேட்கவும் செய்வார். கேட்டால் கொஞ்சம் கொசுறு கிடைக்கும். அளவு குறைந்தால் அது பேச்சுக்கு வந்துவிடும்.

அந்தப் பழக்கத்தை ஒட்டப்பட்ட உறைக்குள் கொண்டுவந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உரியது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், எளிய மக்களும் வாங்கக்கூடிய அளவில் முகப்பவுடரையும் எப்சம் உப்பையும் சிறு பொட்டலங்களாக விற்றுப் பார்த்தவர். அவருடைய குடும்பத்தினரின் 'வெல்வெட்' ஷாம்பூ, சாஷே எனப்படும் சிறு உறையில் வந்தது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சிக்' ஷாம்பூவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த நிறுவனமே பின்னாளில் 'கவின்கேர்' ஆனது.

சிக் வளர்ந்த கதையில் சந்தைப்படுத்தலின் எல்லாக் கூறுகளையும் காணலாம். ஊர் ஊராகச் சென்று, மக்கள் முன்னிலையில் சிறுவர்களின் தலையில் ஷாம்பூ தேய்த்துக் காட்டினார்கள். காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தால் புதிய உறை ஒன்று இலவசம் என்றார்கள். மல்லிகை, ரோஜா மணங்களில் ஷாம்பூ வந்தது. தலையில் பூச்சூடும் ஊரில் அது எவ்வளவு நுட்பமான தேர்வு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1999-இல் உறையின் விலை ஐம்பது காசானது. அதுவரை சீயக்காய்த் தூளும் சோப்பும் மட்டுமே அறிந்திருந்த வீடுகளுக்குள் ஷாம்பூ நுழைந்தது. இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாக இருந்த ஒன்றைச் சிறு உறை எல்லோருக்கும் எட்டச் செய்தது. (அந்த உறைகள் வாய்க்கால்களிலும் வயல் வரப்புகளிலும் மக்காமல் கிடப்பது வேறொரு கட்டுரைக்குரிய துயரம்.)

ஆயினும், ஒரு மாற்றம் அப்போது ஓசையின்றி நிகழ்ந்தது. தராசு, வாங்குபவரின் கண்ணெதிரே இருந்து தொழிற்சாலைக்குள் போய்விட்டது. பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் விலை. எங்கோ ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் எடை. விலை அனைவரின் மனத்திலும் பதிந்தது. எடை எவர் மனத்திலும் பதியவில்லை. எனவே, மூலப்பொருள்களின் விலை ஏறும்போது எதை மாற்றுவது என்பதில் நிறுவனங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

2022-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. இந்தோனேசியா சில வாரங்களுக்குப் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் பாமாயில் முதன்மையான மூலப்பொருள். அந்த ஆண்டில் நாளிதழ்களில் வெளியான செய்திகளின்படி, பத்து ரூபாய் 'விம்' பாத்திரம் துலக்கும் சோப்பு 155 கிராமிலிருந்து 135 கிராமானது. ஐந்து ரூபாய் 'பார்லே-ஜி' 64 கிராமிலிருந்து 55 கிராமானது. 'ஹல்திராம்' நிறுவனத்தின் பத்து ரூபாய் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42 கிராமுக்கு இறங்கியது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 155 கிராம் 135 கிராமாகக் குறைந்தால் ஒரு கிராமின் விலை ஏறத்தாழ 15 சதவீதம் உயர்கிறது. பிஸ்கட்டில் இந்த உயர்வு 16 சதவீதத்துக்கும் அதிகம். ஆலு புஜியாவில் 31 சதவீதம். பேருந்துக் கட்டணத்தையோ பால் விலையையோ ஒரே நாளில் 31 சதவீதம் உயர்த்தினால் சட்டப்பேரவையில் கேள்வி எழும். சாலை மறியல் நடக்கும். இங்கோ கடையில் எவரும் எதுவும் கேட்கவில்லை. அதே பத்து ரூபாயை நீட்டினர். அதே நிறத்துப் பொட்டலத்தை வாங்கிச் சென்றனர்.

வாங்குவோரின் அறியாமைதான் இதற்குக் காரணம் என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஐஸ்கிரீம் விற்பனையை ஆராய்ந்து மெடின் சாகிர், ஜோசப் பலாக்டாஸ் ஆகியோர் 2014-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். விலை மாறும்போது வாங்குவோர் காட்டும் எதிர்வினையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் பொட்டலத்தின் அளவு மாறும்போது காட்டுகின்றனர் என்பது அவர்களின் கண்டறிதல். படித்தவர்கள் நிறைந்த, எடை அச்சிடப்பட்ட பொட்டலங்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய ஒரு நகரத்தின் நிலை இது. விலையைக் கண் தானாகவே தேடுகிறது. எடையை நாம்தான் முயன்று தேட வேண்டியிருக்கிறது. மாலை நேரக் கூட்ட நெரிசலில், பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தும் வேளையில், அந்த முயற்சிக்கு யாருக்கு நேரமிருக்கிறது?

நிறுவனங்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை ஆறு ரூபாய் ஆக்கினால், கையில் ஐந்து ரூபாய் நாணயத்தோடு கடைக்கு வரும் சிறுவன் பக்கத்தில் தொங்கும் வேறொரு நிறுவனத்தின் பொட்டலத்தை வாங்கிக்கொள்வான். கடைக்காரருக்கோ சில்லறைத் தொல்லை. செலவு ஏறும்போது எடையைக் குறைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி எளிதில் இல்லை. எடையைக் குறைப்பது குற்றமும் அன்று. குறைத்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் கேள்விக்குரியது. எடையைக் கூட்டும்போது "20 சதவீதம் கூடுதல்" என்று பொட்டலத்தின் நெற்றியில் மஞ்சள் பட்டை கட்டத் தெரிந்தவர்களுக்கு, குறைக்கும்போது மட்டும் அச்சு மை தீர்ந்துவிடுவதில்லை.

அந்த மஞ்சள் பட்டையின் கணக்கும் கவனிக்கத்தக்கது. "50 சதவீதம் கூடுதல்" என்பதும் "விலையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி" என்பதும் ஒரு கிராமின் விலையைப் பொருத்தவரை ஒன்றுதான். ஆனால், இரண்டையும் காட்டினால் பெரும்பாலோர் முதலாவதையே தேர்ந்தெடுக்கின்றனர் என்று சோதனைகள் காட்டியுள்ளன. கூடுதல் என்ற சொல் நம்மிடம் அந்தப் பழைய கொசுறின் மகிழ்ச்சியைத் தட்டி எழுப்புகிறது. 99 ரூபாய் 95 காசு என்று விலை வைத்தால் அதற்குப் 'பாட்டா விலை' என்று பெயரிட்டு நகைக்கும் அளவுக்கு நாம் விவரம் அறிந்தவர்கள்தான். ஆயினும், அந்த உத்தி இன்றளவும் பலிக்கிறது. எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆடையை 34, 39, 44 டாலர் என மூன்று விலைகளில் அச்சிட்ட பட்டியல்களை அனுப்பிப் பார்த்தார்கள். அதிகம் விற்றது 34 டாலருக்கு அன்று, 39 டாலருக்கு.

சிறு பொட்டலம் வாங்கும் ஏழைகள் ஏமாறுகிறார்கள், நாம் புட்டியாக வாங்கித் தப்பித்துக் கொள்கிறோம் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலர் கருதக்கூடும். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது ஷாம்பூ அலமாரியின் முன் நின்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ரூபாய் உறையில் ஆறு மில்லிலிட்டர் இருப்பதாகக் கொண்டால் ஒரு மில்லிலிட்டரின் விலை 33 காசு. 180 மில்லிலிட்டர் புட்டி 150 ரூபாய் என்றால் ஒரு மில்லிலிட்டரின் விலை 83 காசு. இந்தியச் சந்தையில் ஷாம்பூவைப் பொருத்தவரை பல நிறுவனங்களின் உறை, புட்டியைவிட மலிவாக இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அரிசிக்கும் பருப்புக்கும் நாம் கற்ற பாடம். அந்தப் பாடத்தை நாம் சரிபார்க்காமல் எல்லாவற்றுக்கும் பொருத்துகிறோம் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் இப்படி? உறை விற்கும் இடத்தில் போட்டி கடுமை. பெட்டிக்கடையின் முகப்பில் பல நிறுவனங்களின் சரங்கள் அருகருகே தொங்குகின்றன. ஒரு ரூபாய் கூடினாலும் வாடிக்கையாளர் கை அடுத்த சரத்துக்குப் போய்விடும். புட்டி வாங்குபவரோ குளியலறையில் அது நிற்கும் அழகுக்கும் வசதிக்கும் பெயருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை. தினக்கூலியாளர் தாம் வாங்கும் உறையின் விலையைக் காசு சுத்தமாக அறிந்திருக்கிறார்; மாதச் சம்பளக்காரர் மொத்தப் பட்டியலின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கிறார். கணக்கில் எவர் கெட்டிக்காரர் என்பது விவாதத்துக்குரியது.

ஆனால், பிஸ்கட்டிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் நிலைமை வேறு. அங்கே எடை குறைந்தால் அந்தச் சுமை முதலில் விழுவது சிறு பொட்டலம் வாங்கும் குடும்பத்தின் மீதுதான். ஒரு தேநீரும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் காலை உணவாகக் கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் நகரங்களில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுக்கு ஒன்பது கிராம் குறைவது என்பது ஒன்றிரண்டு பிஸ்கட் குறைவது.

இந்தக் கணக்கை வாங்குபவருக்கு எளிதாக்கச் சட்டம் ஒரு முயற்சி செய்திருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் முன்பு ஓர் அட்டவணை இருந்தது. பிஸ்கட், தேயிலை, காபித்தூள், சமையல் எண்ணெய், சோப்பு உள்ளிட்ட பல பொருள்களை இன்னின்ன அளவுகளில் பொட்டலமிட வேண்டும் என்று அது வரையறுத்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. அதற்கு ஈடாக, அலகு விலையை, அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி பின்னர் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களுக்கு எந்த அளவிலும் பொட்டலமிடும் சுதந்திரம், வாங்குவோருக்கு ஒப்பிட ஓர் எண் என்பது ஏட்டளவில் நியாயமான ஏற்பாடே.

நடைமுறையில் இந்த ஏற்பாட்டின் ஒரு பக்கம் மட்டும் முழுமையாக வந்து சேர்ந்திருக்கிறது. அளவுகள் தாராளமாக மாறுகின்றன. அலகு விலையோ, அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகே, தயாரிப்பு தேதி, தொகுதி எண் ஆகியவற்றோடு கலந்து, மடிப்பில் பாதி மறைந்து, கண்ணாடி அணிந்தவர்களும் தேடிப் படிக்க வேண்டிய அளவில் இருக்கிறது. 10 கிராமுக்கோ 10 மில்லிலிட்டருக்கோ மேற்படாத பொட்டலங்களுக்கு இந்த விதிகளிலிருந்தே விலக்கு உண்டு. ஷாம்பூ உறைகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். பான் மசாலா பொட்டலங்களுக்கு மட்டும் அந்த விலக்கை அண்மையில் மத்திய அரசு நீக்கியது. ஒரு பொருளுக்குச் செய்ய முடிந்ததை மற்றவற்றுக்கும் செய்ய முடியும்.

பிற நாடுகளின் அனுபவம் இங்கே உதவும். அலகு விலையைக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே நெறிமுறை வகுத்தது. அங்குள்ள கடைகளில் அலமாரியின் விளிம்பிலுள்ள விலைச் சீட்டிலேயே பொருளின் விலையும், ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் இருக்கும். பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் தேட வேண்டியதில்லை. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2024 ஜூலை 1 முதல், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள உணவுப்பொருள் அங்காடிகள், அளவு குறைந்து அலகு விலை உயர்ந்த பொருள்களின் அருகே அதை அறிவிக்கும் சீட்டை இரண்டு மாதங்களுக்கு வைக்க வேண்டும். அங்கே எடையைக் குறைக்கத் தடையில்லை. மறைத்துக் குறைக்க முடியாது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் இணைய வணிகத்தைப் பொருத்தவரை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டது. "இன்னும் இரண்டு மட்டுமே மீதி" என்று பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, பணம் செலுத்தும் கட்டத்தில் புதிய கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது என 13 வகை ஏமாற்று உத்திகளை அது பட்டியலிட்டது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. ஆனால், திறன்பேசிச் செயலியில் வாங்குவோரைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, பெட்டிக்கடையில் வாங்கும் கோடிக்கணக்கானோரைப் பற்றி நாம் கவலைப்படுகிறோமா என்பது ஐயமே. ஒரு பொட்டலத்தின் எடை குறைக்கப்பட்டால், அடுத்த மூன்று மாதங்களுக்கு "முன்பு 64 கிராம், இப்போது 55 கிராம்" என்று விலையின் எழுத்தளவிலேயே முகப்பில் அச்சிட வேண்டும் என ஒரு விதியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் விதிகளில் ஒரு திருத்தம் போதும். வரிக் குறைப்பின் பயனை எடையாகத் தருகிறோம் என்று சொன்ன நிறுவனங்கள், அந்தக் கூடுதல் எடை எத்தனை மாதங்கள் நீடிக்கிறது என்பதற்கும் இதே விதியால் பொறுப்பேற்க நேரிடும்.

அலமாரிச் சீட்டுக்கோ மத்திய அரசின் திருத்தத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுத் துறை நடத்தும் சிறப்பங்காடிகள் ஊருக்கு ஊர் உள்ளன. திருவல்லிக்கேணி நகர்ப்புறக் கூட்டுறவு சங்கம் நடுத்தர மக்களுக்கு நியாய விலையில் பொருள் தருவதற்காக 1904-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முன்னோடி நுகர்வோர் கூட்டுறவு அமைப்புகளில் ஒன்று அது. ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு கிலோவுக்கு இவ்வளவு, ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டை வைக்க அத்தகைய அங்காடிகளுக்குத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். உறையும் புட்டியும் ஒரே அலமாரியில், ஒரே அளவுகோலில் விலை காட்டி நின்றால், தனியார் அங்காடிகள் அந்தச் சீட்டை வைக்காமலிருக்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.